யார் படிக்கிறார்கள்? - ஃபேஸ்புக்கும் கல்லூரி மாணவர்களும்: ஒரு சின்ன வரலாறு

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. சமூக வலைத்தளங்களைப் பொறுப்பாகவும் பாதுகாப்பாகவும் பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. பேச வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி ஃபேன் ஓடாத ஹாலில், அறுபது ஸ்லைடு போட்டால் யார்தான் கேட்பார்கள்? பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், முன்பின் தெரியாதவர்களின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள், கண்ட லிங்க்கையும் அழுத்தாதீர்கள் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். நான் அதைப் போட்டோ எடுத்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் துறையின் பெரிய குழுவுக்குப் போய்விட்டது. அதில் ஆசிரியர்களும் உண்டு. மறுநாள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ராத்திரி முழுக்கக் கேட்டரிங் வேலை பார்த்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு வந்து படுத்தவன் அவன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நான் என் படத்தை அழித்தேன். அதற்குள் அது எத்தனை போனில் இருந்ததோ!

அந்த அறுபது ஸ்லைடில் நான் செய்த காரியத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். எல்லாம் வெளியிலிருந்து வரும் திருடனைப் பற்றியே இருந்தது. நான் திருடன் இல்லையே, பக்கத்து பெஞ்ச்தானே? அதனால்தான் இந்தச் சமாசாரத்தின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மாணவர்கள் மாட்டிக்கொண்ட சம்பவங்களில் பலவற்றில் ஹேக்கரும் இல்லை, மர்ம ஆசாமியும் இல்லை. ஒரு வட்டத்துக்காகப் போட்டது இன்னொரு வட்டத்தின் கையில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வட்டத்தை மாற்றியது சில சமயம் பக்கத்தில் இருந்தவன், சில சமயம் அந்தத் தளமே.

சரி, கதைக்கு வருவோம். கதை தொடங்குவதே ஒரு கல்லூரி விடுதியில்தான்.

2003ஆம் வருடம், அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மார்க் ஸக்கர்பெர்க் தன் அறையில் உட்கார்ந்து ஃபேஸ்மேஷ் என்று ஒரு தளம் செய்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்போது 'ஃபேஸ் புக்' என்று ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களின் படமும் பெயரும் போட்ட கையேடு. யார் யார் என்று அடையாளம் தெரிந்துகொள்வதற்காக நிர்வாகமே தருவது. ஹார்வர்டில் ஒவ்வொரு விடுதிக்கும் இது தனித்தனியாக, இணையத்திலேயே இருந்தது. அப்படி ஒன்பது விடுதிகளின் படங்களை ஸக்கர்பெர்க் எடுத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேர் படத்தை அருகருகே போட்டு, இதில் யார் அழகு என்று ஓட்டுப் போடச் சொன்னார்.

சில மணி நேரத்தில் 450 பேர் வந்து 22,000 ஓட்டுப் போட்டார்கள் என்று பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழான 'ஹார்வர்ட் கிரிம்சன்' எழுதியது. கறுப்பின மாணவியர் சங்கமும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களின் அமைப்பும் கடுமையாக எதிர்த்தன. தளம் மூடப்பட்டது. பாதுகாப்பை மீறியது, காப்புரிமையை மீறியது, தனிநபர் அந்தரங்கத்தை மீறியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். நிர்வாகக் குழு விசாரித்து, தொடர்ந்து படிக்க விட்டுவிட்டது.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. அந்தப் படங்கள் எதுவும் ரகசியம் அல்ல. விடுதியில் இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. யாரும் யாரையும் அறைக்குள் எட்டிப் பார்த்து எடுக்கவில்லை. அறிமுகத்துக்காகக் கொடுத்த படத்தை அழகுப் போட்டிக்குக் கொண்டுபோனதுதான் குற்றம். அந்த வருடம் டிசம்பரில் கிரிம்சன் ஒரு தலையங்கம் எழுதியது. விரும்பி வருகிறவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும்படி செய்திருந்தால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி வந்தே இருக்காது என்பது அதன் சாரம். மாணவர்கள் நடத்தும் பத்திரிகை எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறது பாருங்கள்.

இரண்டே மாதத்தில் அது நடந்துவிட்டது! 2004 பிப்ரவரி 4 அன்று 'தி ஃபேஸ்புக்' வந்தது. ஹார்வர்ட் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் உள்ளே போகலாம். படத்தை நீங்களே போடுவீர்கள். யார் பார்க்கலாம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 9ஆம் தேதி கிரிம்சனில் வந்த செய்தியின்படி அதற்குள் 650 பேர் சேர்ந்துவிட்டார்கள். அதே செய்தியில் ஸக்கர்பெர்க் ஒன்று சொல்லியிருக்கிறார். ஃபேஸ்மேஷால் கெட்டுப்போன தன் பெயரை இந்த அந்தரங்க வசதிகள் மீட்டுத் தரும் என்று நம்புகிறாராம். பிற்காலத்தில் அந்தரங்கம் என்ற ஒரே விஷயத்துக்காக அவர் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆரம்பத்தில் அது உண்மையிலேயே ஒரு மதில் கட்டிய ஊர். மார்ச்சில் ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, யேல் சேர்ந்தன. பிறகு ஒவ்வொரு கல்லூரியாக. அந்த வருடம் டிசம்பரில் 10 லட்சம் பேர். ஆனால் உங்கள் கல்லூரிக்குள் நீங்கள் போடுவது உங்கள் கல்லூரிக்காரர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். இந்த மதில்தான் மாணவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. எவ்வளவு தைரியம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

2005 ஜூனில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் க்ராஸ், அலெசாண்ட்ரோ அக்விஸ்டி இருவரும் தங்கள் பல்கலைக்கழகத்து ஃபேஸ்புக் பக்கங்கள் 4,000க்கும் மேல் எடுத்து ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் படம் போட்டிருந்தார்கள். 87.8 சதவீதம் பேர் பிறந்த தேதி கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதையும் எழுதியிருந்தார்கள். 39.9 சதவீதம் பேர் போன் நம்பரே கொடுத்திருந்தார்கள். சரி, யார் பார்க்கலாம் என்ற அமைப்பை எத்தனை பேர் மாற்றினார்கள்? தன் பக்கத்தைப் பார்க்கக்கூடியவர்களைக் குறைத்தவர்கள் மொத்தமே மூன்று பேர். மூன்று சதவீதம் இல்லை ஐயா, மூன்று பேர்!

அந்த மாணவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கணினிப் படிப்புக்குப் பேர்போன இடம் அது. மதில் இருக்கிறது என்று நம்பினார்கள். ஆனால் மதிலின் கதவு கல்லூரி மின்னஞ்சல் முகவரி என்றால், அந்த முகவரி பேராசிரியருக்கும் உண்டு, அலுவலக ஊழியருக்கும் உண்டு, பழைய மாணவருக்கும் உண்டு. அதே 2005 டிசம்பரில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் ஒரு வகுப்பு ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன நிரல் எழுதி, நான்கு பல்கலைக்கழகங்களிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட பக்கங்களை இறக்கிக் காட்டினார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தவர்கள், அறிக்கையும் வெளியிட்டார்கள். அறிக்கை வெளியிடாமல் செய்தவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

நிர்வாகம் படிக்கிறது என்பது மாணவர்களுக்கு உறைத்தது இந்த வருடத்தில்தான். 2005 அக்டோபரில் பாஸ்டனில் ஒரு கல்லூரி, தன் மாணவர் பேரவைத் தலைவரையே வெளியேற்றியது. வளாகக் காவலர் ஒருவரைப் பற்றி அவர் ஃபேஸ்புக்கில் எழுதியிருந்ததுதான் காரணம்.

இதைவிட அதிகம் பேசப்பட்டது பென்சில்வேனியாவில் 2006 மே மாதம் நடந்தது. மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் கட்டத்தில் இருந்த ஒரு மாணவி. ஒரு பார்ட்டியில் கடற்கொள்ளையர் தொப்பி வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கப்பில் எதையோ குடிக்கும் படம். 'போதையில் கொள்ளையன்' என்ற மாதிரி ஒரு தலைப்பு. தன் மைஸ்பேஸ் பக்கத்தில் போட்டிருந்தார். அவர் பயிற்சிக்காகப் பாடம் எடுத்த பள்ளியின் கண்ணில் அது பட்டது. பல்கலைக்கழகம் கல்வியியல் பட்டத்தைக் கொடுக்காமல் ஆங்கிலப் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டது. அவர் வழக்குப் போட்டார், 2008 டிசம்பரில் தோற்றார். இந்தக் கதையை ஒரு படத்தால் போன வாழ்க்கை என்று எல்லாரும் சுருக்கிச் சொல்வார்கள். தீர்ப்பைப் பார்த்தால் அவர் பாடம் நடத்திய விதத்திலும் குறைகள் சொல்லப்பட்டிருந்தது தெரிகிறது. ஆனாலும் அந்தப் படம் நண்பர்களுக்காகப் போடப்பட்டது, படித்தவர்கள் வேறு ஆட்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 21 வயது தாண்டியவர் குடிப்பது அங்கே குற்றமும் இல்லை. அவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர்.

இதுவரை மதிலுக்குள் வேறு ஆட்கள் வந்த கதை. அடுத்தது மதிலையே தளம் நகர்த்திய கதை.

2006 செப்டம்பர் 5. காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களுக்கு அதிர்ச்சி. அதுவரை ஒருவர் என்ன எழுதினார் என்று தெரியவேண்டுமானால் அவர் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அன்று முதல் நியூஸ் ஃபீட் என்ற ஒன்று, நண்பர்கள் செய்யும் ஒவ்வொன்றையும் தானாகவே முதல் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டியது. இவர் அந்தப் படத்தின் கீழ் எழுதினார். அவர் இந்தக் குழுவிலிருந்து விலகினார். காதலில் இருப்பதாகப் போட்டிருந்ததை ஒருவர் எடுத்துவிட்டால் உடைந்த இதயம் ஒன்றைப் போட்டு அத்தனை நண்பர்களுக்கும் அறிவித்தது! தண்டோரா போட்ட மாதிரி.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர் பென் பார் என்பவர் அன்றே ஃபேஸ்புக்கிலேயே ஓர் எதிர்ப்புக் குழு தொடங்கினார். சில நாட்களில் 7 லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். அப்போது ஃபேஸ்புக்கில் மொத்தமே ஒரு கோடிக்கும் குறைவானவர்கள்தான். வேடிக்கை என்னவென்றால், இன்னார் இந்த எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார் என்று நண்பர்களுக்கெல்லாம் அறிவித்து அதை வளர்த்துவிட்டதும் அந்த நியூஸ் ஃபீட்தான். முதலில் பதற்றப்படாதீர்கள் என்று எழுதிய ஸக்கர்பெர்க், செப்டம்பர் 8 அன்று தவறு செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, எது எது ஃபீடில் வரலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தார். நியூஸ் ஃபீடை மட்டும் எடுக்கவில்லை. இன்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் வருவது அதன் வாரிசுதான்.

நிறுவனம் சொன்ன வாதம் ஒன்று உண்டு. புதிதாக எதையும் நாங்கள் வெளியே விடவில்லையே, ஏற்கெனவே பார்க்கக்கூடியதைத்தானே ஒரே இடத்தில் காட்டுகிறோம் என்றார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் டானா பாய்ட் என்ற ஆய்வாளர் இதற்கு அருமையான ஓர் உவமை சொன்னார். சத்தமாகப் பாட்டு ஓடும் விருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று பாட்டு நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்ன கடைசி வாக்கியம் அறை முழுக்கக் கேட்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் நாதஸ்வரம் நிற்கும்போது இது நடக்காத ஆள் உண்டா?

அந்த மாதம் 26ஆம் தேதி, 13 வயதானவர்கள் யார் வேண்டுமானாலும் ஃபேஸ்புக்கில் சேரலாம் என்று கதவு முழுசாகத் திறந்தது. அம்மா, அப்பா, மாமா, வேலை கொடுக்கப்போகிறவர் எல்லாரும் வந்தார்கள். 2004இல் கல்லூரிக்காக எழுதிய பக்கம் அதே இடத்தில்தான் இருந்தது.

நம் நாட்டில் அப்போது ஃபேஸ்புக்கை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. இங்கே ஆர்குட் ராஜ்யம். 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கியது, பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் பெரிதாக ஓடியது. என் அண்ணன் வயதுக்காரர்களைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வைக்காத குறையாகப் பேசுவார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஸ்க்ராப் எழுதிய தலைமுறை. ஸ்க்ராப் என்பது ஒருவர் பக்கத்தில் நீங்கள் எழுதிவைக்கும் செய்தி. ஆரம்ப காலத்தில் அதை ஆர்குட்டில் இருக்கும் யாரும் போய்ப் படிக்கலாம். தனியாகப் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் தெருவில் நின்று பேசுவது. 2010இல் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்தியது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது.

ஆக, அமெரிக்க மாணவர்கள் மதிலுக்குள் இருந்து வெளியே வந்தார்கள் என்றால், நாம் நேராக மதில் இல்லாத ஃபேஸ்புக்குக்கே போய்ச் சேர்ந்தோம். இங்கே அதற்கு விலை கொடுத்த விதமும் வேறு. அங்கே கல்லூரி நடவடிக்கை எடுத்தது. இங்கே காவல்துறை வந்தது.

2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கணினி வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தி அனுப்பினால், எரிச்சலூட்டினால், அசௌகரியம் உண்டாக்கினால் எல்லாம் மூன்று வருடம் வரை சிறை. எரிச்சல் என்றால் என்ன? யாருக்கு? அதற்கு விளக்கமே கிடையாது. 2012 அக்டோபர் 30 அன்று புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் நடத்துபவரை இந்தப் பிரிவில் கைது செய்தார்கள். அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியது காரணம். அவரை ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பதினாறு. நம் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். கைதுக்குப் பிறகு நாடு முழுக்க அதைப் படித்தது என்பது வேறு கதை.

அடுத்த மாதமே பால்கர். மகாராஷ்டிராவில் மும்பைக்கு வடக்கே இருக்கும் ஊர். 2012 நவம்பர் 17 அன்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தார். மறுநாள் இறுதி ஊர்வலம், மும்பையே அடைத்துக்கிடந்தது. ஏன் இப்படி எல்லாம் அடைக்க வேண்டும் என்று கேட்டு 21 வயதுப் பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். எழுதியவர் பதிவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அவருடைய உறவினரின் மருத்துவமனையைக் கூட்டம் போய் அடித்து நொறுக்கியது. இரண்டு பெண்களும் கைது செய்யப்பட்டார்கள். லைக் போட்டவரும்தான்! தலையாட்டியதற்கு வழக்கு. நியூஸ் ஃபீட் வந்தபோது அமெரிக்க மாணவர்கள் கத்தியது நினைவிருக்கிறதா? ஒருவர் செய்யும் சின்னச் செயலையும் செய்தியாக்கிவிடுகிறது என்று? அந்தக் கவலைக்கு ஆறு வருடம் கழித்து பால்கரில் முகவரி கிடைத்தது.

நல்லவேளையாக இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதைச் செய்தவரும் ஓர் இளம்பெண்தான். ஷ்ரேயா சிங்கல், டெல்லியைச் சேர்ந்தவர், அப்போது 21 வயது. இங்கிலாந்தில் விண்ணியற்பியல் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். பால்கர் செய்தியைப் பார்த்துவிட்டு, அதே நவம்பர் மாதத்திலேயே 66ஏ பிரிவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் அவரே சட்ட மாணவி ஆகிவிட்டார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்தார்கள். பால்கர் பெண்கள் மேல் இருந்த வழக்கு அதற்கு முன்பே முடிக்கப்பட்டுவிட்டது, அங்கே காவல்துறை அதிகாரிகள் சிலர் இடைநீக்கமும் செய்யப்பட்டார்கள். கல்லூரிக் கருத்தரங்குகளில் இந்த வழக்கை ஏன் சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. எழுதாதே, போடாதே என்று மட்டுமே சொன்னால் எப்படி? கேள்வி கேட்பதும் இதில் சேர்த்திதானே.

66ஏ போய்விட்டது என்று எல்லாம் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் படமெடுப்பது, பரப்புவது 66இ பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். இன்னொருவராக வேடம் போட்டு இணையத்தில் ஏமாற்றுவது 66டி. இரண்டும் இன்றும் அமலில் இருக்கின்றன. போலி ஐடி தயார் செய்து விளையாடும் நம் சிங்கங்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

மறுபடி மதிலுக்கு வருகிறேன். 2009 டிசம்பரில் ஃபேஸ்புக் தன் அமைப்புகளை மாற்றியபோது, அதுவரை பலர் மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்படி ஆனது. மறைத்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தார்கள், பட்டியல் வெளியே வந்துவிட்டது. இதையும் இன்னும் சிலவற்றையும் வைத்து அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்ட, 2011 நவம்பரில் ஃபேஸ்புக் சமரச ஒப்பந்தத்துக்கு வந்தது. அடுத்து 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிடிகா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓர் ஆய்வாளர் ஓர் ஆளுமைச் சோதனைச் செயலி செய்திருந்தார். அதை நிறுவியவர்களின் நண்பர்களுடைய தகவலையும் சேர்த்தே அள்ளிவிட்டது. மொத்தம் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் 335 பேர்தான். ஆனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அந்த 335 பேரைத் தவிர மற்ற எல்லாரும், எங்கோ யாரோ ஒரு நண்பர் சோதனையில் கலந்துகொண்டதால் மாட்டியவர்கள். 2019இல் ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் போட்டது, 2011 ஒப்பந்தத்தை மீறியதற்காக.

இதைப் படித்தபோது எனக்குத் திரும்பவும் பக்கத்து பெஞ்ச்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்தரை லட்சம் பேரும் அமைப்புகளை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், நண்பன் ஒருவன் 'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று ஆசையாக ஒரு பொத்தானை அழுத்தியது போதுமாக இருந்திருக்கிறது.

கடைசியாக, கதை தொடங்கிய இடத்துக்கே ஒருமுறை போய்விட்டு வருவோம். 2017ஆம் வருடம், ஹார்வர்ட். அந்த வருடம் இடம் கிடைத்த புது மாணவர்கள் ஃபேஸ்புக் வழியாக ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். அதிலிருந்து கிளைத்து, சிலர் தங்களுக்குள் தனிப்பட்ட ஓர் உரையாடல் குழு வைத்துக்கொண்டார்கள். அதில் யூத இனப்படுகொலை, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை போன்றவற்றைக் கேலி செய்யும் மீம்கள் ஓடின. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதையும் வெளியே கொண்டுவந்தது அதே கிரிம்சன்தான், ஜூன் மாதம்.

அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில், 2017 மே 25 அன்று, அதே ஹார்வர்ட் தன் பழைய மாணவர் ஒருவரை அழைத்து பட்டமளிப்பு விழாவில் பேச வைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. படிப்பை முடிக்காமல் போனவர். 2003இல் கேட்காமல் படம் எடுத்ததற்காக அங்கேயே விசாரிக்கப்பட்டவர். மார்க் ஸக்கர்பெர்க்தான்! அந்தப் பத்துப் பேர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, அருவருப்பான வேலைதான். ஆனால் 2003இல் விடுதிக்குள் ஒரு கேலி, ஒரு விசாரணை, ஒரு மன்னிப்பு என்று முடிந்துபோகக் கூடியதாக இருந்தது, 2017இல் அப்படி முடியவில்லை. நடுவில் இந்தப் பதினான்கு வருடத்தில் என்ன மாறியது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் நண்பன் விஷயம். அவன் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினான். துறையில் அவனுக்குக் காலை முதல் வகுப்பில் கொஞ்சம் சலுகை கொடுத்தார்கள், அது அந்தப் போட்டோவால் நடந்தது என்று சிலர் என்னை ஆறுதல் படுத்தப் பார்த்தார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. யாராவது பாவம் என்று பார்ப்பதுதான் அவனுக்கு வேண்டாமாம், அதனால்தான் சொல்லாமல் வைத்திருந்தானாம்.

இந்தக் கட்டுரையைப் போடுவதற்கு முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தான். அவன் எந்த மண்டபங்களுக்கு வேலைக்குப் போகிறான் என்று நான் முதலில் எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்து, "இது வேண்டாம்டா, எடுத்துடு" என்றான். எடுத்துவிட்டேன்.